வெள்ளிக்கிழமை எரியும் விளக்கு

கடலூர் முதுநகரில் சேக் பரீதின் பட்டறை வாசலில் அந்த ஆம்புலன்ஸ் நான்காவது முறையாக வந்து நின்றபோது மணி பத்து. வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை. குளித்துவிட்டு ஜும்மாவுக்குப் போகலாம் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார் பரீது.

"மறுபடியுமா?" என்றார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

டிரைவர் கலியமூர்த்தி இறங்கினான். தூக்கத்தை மறந்துபோன முகம். "அதே கோளாறுதான் பாய்."

கோளாறு சின்னது. பின்கதவு சரியாகச் சாத்தாவிட்டால் டிரைவருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சாத்தினால் அணையும். இந்த வண்டியில் சாத்தித் தாழ்போட்டாலும் எரிந்தது. பரீது முதலில் சுவிட்சை மாற்றினார். அப்புறம் ஒயரை மாற்றினார். போன மாதம் கதவையே கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிதம்பரம் போய்ச் சேர்ந்த பிறகு அது எரிந்தது.

வண்டி அங்கே ஒரு சகாய சங்கத்தின் சொத்து. சங்கத் தலைவர் ராஜமாணிக்கத்தின் பெயர் பட்டங்களோடு இரண்டு பக்கமும் நீளமாக ஓடியது. 'ஆம்புலன்ஸ்' என்ற சொல்லுக்கு, மிச்சமிருந்த இடத்தைப் பெரியமனது பண்ணி விட்டிருந்தார்கள்.

"தலைவர் சொல்லிட்டாரு. என்ன கோளாறுன்னு நீங்க எழுதித் தரணுமாம். இல்லன்னா நான் வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு அர்த்தமாம். திங்கக்கிழமையிலேந்து வேற டிரைவரு. வூட்ல நாலு புள்ளைங்க பாய்."

"இப்ப எரியலியே."

"பத்தரைக்கு எரியும்."

"அது என்ன, ரயிலா?"

"வெள்ளிக்கிழமைதான் எரியும். பத்தரையிலேந்து பன்னண்டு வரைக்கும். உங்க பட்டறை வெள்ளிக்கிழமை லீவு. அதான் உங்க கண்ணுல ஒருநாளும் படல."

பரீது தன் மூன்று கையெழுத்துகளையும் நினைத்துப் பார்த்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு என்ன?"

கலியமூர்த்தி டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவைத்தான்.

காத்திருந்தார்கள். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாருமில்லை. முதலில் வந்தது வாசனை: ஈர வைக்கோல். மாடு கட்டாத அந்தத் தெருவில், மழை பெய்து மாதமாகியிருந்த அந்தத் தெருவில்.

விளக்கு எரிந்தது.

பரீது பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

எரிந்தது.

பல்பையே திருகி எடுத்தார். அவர் உள்ளங்கையில், எந்த ஒயரும் இல்லாமல், அது எரிந்துகொண்டிருந்தது. சூடு இல்லை. காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி ஒரு கதகதப்பு.

பல்பை மாட்டிவிட்டு, பின்பக்கம் ஏறிக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். சுவிட்சைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷத் தொழில் வேறு எதையும் யோசிக்க விடவில்லை. உள்ளே இருட்டு. வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது. சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். சரியாக அழுந்தியிருந்தது.

பக்கத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

ஸ்ட்ரெச்சர் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ரெக்சின் நடுவில் அமுங்கியிருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்யா?"

ஒரு பெண் குரல். மிரட்டுகிற குரல் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரல்.

பரீது வெளியே வந்து விழுந்தார். "யார்ரா அவ?"

கலியமூர்த்தி அழவில்லை. அழுது தீர்ந்திருக்க வேண்டும். "முத்தம்மான்னு. கீரப்பாளையம்."

இந்த ஆம்புலன்ஸின் திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். ராகு காலத்திலேயே நாடா வெட்டி மூடநம்பிக்கையை ஒழிப்பதாகத் தலைவர் மூன்று மேடைகளில் முழங்கியிருந்தார். கூட்டம் வந்தது, மேளம் வந்தது, தலைவர் வரவில்லை. வழியில் கார் நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். அந்த நேரத்தில்தான், பிரசவவலியில் இருந்த முத்தம்மாளை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு அவள் புருஷன் அந்த வழியே வந்தான். பனிக்குடம் உடைந்து வண்டி வைக்கோல் நனைந்திருந்தது.

"நாடாவைத் தூக்கிப் புடிச்சு உள்ள ஏத்துனேன் பாய். செயலாளர் வந்து, வண்டிய எடுக்காதே, நாடா அறுந்துடும்னாரு. கதவையும் ஒருக்களிச்சு வையி, சாத்துனா நாடா கசங்கும்னாரு. தோ வந்துடுவாரு, தோ வந்துடுவாருன்னாங்க. ஒன்றரை மணி நேரம் இந்த வெளக்கு என் கண்ணு முன்னால எரிஞ்சுது. சாவி என் கையிலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"பன்னண்டு அடிச்சு அஞ்சு நிமிஷத்துல தலைவரு காரு சரியாயிடுச்சு. பேசி முடிச்சு நாடா வெட்டுனாரு. வண்டியோட மொத சவாரி கீரப்பாளையம் சுடுகாடு. அதுலேந்து இது எரிஞ்சா எனக்குக் கை ஓடல பாய். பன்னண்டு வரைக்கும் சும்மா ஒக்காந்துடறேன்."

பரீது பேட்டரி ஒயரை மாட்டினார். "வண்டிய எடு. பெரியாஸ்பத்திரிக்கு."

"இப்பவா? காலி வண்டிய வச்சுக்கிட்டு?"

"காலின்னு நீ உள்ள போயிச் சொல்லிட்டு வா."

கலியமூர்த்தி சாவியைத் திருகினான். வண்டி கெடிலம் பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ஒரு முனகல். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. பின்கதவு தானாகத் திறந்தது. வண்டியின் பின்பாரம் குறைந்து, ஸ்பிரிங் ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

கதவு திறந்துகிடந்தும் விளக்கு அணைந்தது.

அன்று சாயங்காலம் பரீது எழுதிக் கொடுத்தார்: 'பழுது, கிளம்பத் தாமதித்ததால் வந்தது. வண்டியை ஓட்டிச் சரிசெய்தேன். டிரைவர் மேல் குற்றமில்லை.' சங்கத்தில் யாருக்கும் அது புரியவில்லை. அடியில் பட்டறை முத்திரை இருந்ததால் ஒப்புக்கொண்டார்கள். கலியமூர்த்தியின் வேலை தங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு, பரீதின் வீட்டு வாசலில் ஒரு பெரிய கார். கஞ்சிபோட்ட துண்டு வியர்வையில் தொங்க, தலைவர் ராஜமாணிக்கமே இறங்கினார்.

"பாய், லீவு நாள்னு தெரியும். திடீர்னு ஸ்டியரிங் பக்கத்துல செவப்பா எரியுது. அணைய மாட்டேங்குது."

பரீது குனிந்து பார்த்தார். எரிந்தது. அந்த இடத்தில் பல்பு இல்லை, ஒயர் இல்லை, பல்பு மாட்டத் துளைகூட இல்லை.

பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். ஒரு பிடி வைக்கோல். சொட்டச் சொட்ட ஈரம்.

"கோளாறு தெரிஞ்சுதுங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க. போனா அணைஞ்சுடும்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பன்னண்டு அடிச்சுடட்டுமே பாய்."

டிக்கிக்குள்ளிருந்து, அலுத்துப்போன ஒரு பெருமூச்சு கேட்டது.