அவள் உட்கார்ந்திருந்த இடம்

ஆற்றங்கரைப் படத்தில் அந்த வெள்ளையை வன்னியராஜ் விட்டிருக்கவில்லை.

நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தனியாகப் பூசுவதில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவதுதான். ஆனால் தென்னையடி முழுக்க அவன் பச்சை பூசியிருந்தான். இப்போது அங்கே விரல் நீளத்துக்கு வெறும் தாள்.

காலையிலிருந்து விடாத மழை கரமனை வீட்டின் ஓட்டில் இரைந்துகொண்டிருக்க, சுவரின் பூஞ்சை வாடையும் ஆற்றிலிருந்து ஏறிவரும் சேற்று வாடையும் அடுப்படியில் மனைவி நாச்சியார் கொதிக்கவிட்ட தேயிலை வாடையும் ஈரத்தோடு ஈரமாக அறைக்குள் தங்கியிருந்தன. நாளை இந்தப் படங்கள் கோவளத்தில் ஒரு விடுதிக்குப் போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து பெயர்ப்பலகை எழுத வந்தவனுக்கு, தன் பெயர் போட்டுச் சுவரேறப்போகும் முதல் படங்கள்.

தூரிகையைப் பச்சையில் தோய்த்து வெள்ளையின்மேல் வைத்தான். நிறம் தாளில் இறங்கவில்லை. சேம்பிலையில் விழுந்த தண்ணீராக உருண்டு வழிந்தது.

அடுத்தது பொன்முடிச் சரிவு. பாறைமேல் அதே வெள்ளை, இன்னும் பெரிதாக. தலை. தோள். மடக்கிய முழங்கால்.

அந்தப் பாறை அவனுக்கு நினைவிருந்தது. பெயர்ப்பலகைக் கடை விடுமுறை நாட்களில் சோற்றுப் பொதியோடு நாச்சியாரும் கூடவே வருவாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு, மறைக்குது" என்பான். தள்ளி உட்காருவாள். "என்னயும் ஒரு தடவ வரஞ்சா என்ன?" என்று கேட்பாள். அவன் சிரித்துவிட்டு, அவளில்லாத மலையை வரைவான்.

கடைசிப் படம், ஜன்னலிலிருந்து வரைந்த சொந்தச் சந்து. அதில் வெள்ளை உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்றிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில்.

"நாச்சியா."

"ஒரு மினிட்டு. சாயா வடிகட்டிட்டு வாரேன்."

நனைந்த துணிக்கு அப்பாலிருந்து வந்ததுபோலிருந்தது குரல்.

"அங்கனயே இரு. வராத."

"ஏன், மறைக்குதா?"

மழை நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அடுப்படித் திரை விலகியது. நீலச் சேலை. கண்ணாடி வளையல். ஆவி பறக்கும் கிளாஸ். கழுத்துக்கு மேலே தாள். சொரசொரப்பான, ஈரமான, தூரிகை படாத வெள்ளை. ஓரத்தில் கூந்தல் மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் கரைந்துகொண்டிருந்தது.

மண்ணிறத்தைக் குழைத்தான். தூரிகையை அவள் முகத்தருகே கொண்டுபோனான்.

"அசையாத புள்ள. கொஞ்ச நேரம் அசையாத."

நெற்றி. கன்னம். புருவம் எப்படி வளையும்? மூக்குத்தி எந்தப் பக்கம்? வலதா? எத்தனை வருடம் கூடவே இருந்தாள். தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை. வைத்த நிறமெல்லாம் வழிந்தது. தாடை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சாயாவுக்குள் சொட்டியது.

"நல்லா வருதா?" வாயில்லாத இடத்திலிருந்து கேட்டாள்.

"வருது. வருது புள்ள."

மறுபடி தோய்த்தான். வெள்ளை கழுத்தில் இறங்கியது. தோளில் இறங்கியது. கிளாஸைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன.