முதுகுப்பைத் துரோகி

டெலிபோன் அலறியது.

காலை பத்து மணி. தாராவி போலீஸ் ஸ்டேஷனுக்கு இன்னும் முதல் டீ வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஷ்யாமளா ரிசீவரை எடுத்தாள். பம்பாயின் அக்ரஹாரமான மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். கொலைகாரனைக்கூட 'வாங்கோ' என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம்தான் அறைவாள்.

"மேடம்... எங்க சந்துல ஒரு தேசத்துரோகி இருக்கான்."

வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு பேசிய குரல்!

"யார் பேசறது?"

"பேரு சொல்ல மாட்டேன். உசிருக்கு ஆபத்து."

"சரி, நேர்ல வாங்கோ கோமதிநாயகம்."

மறுமுனையில் கைக்குட்டை வெளியே வந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"மாசானம் மேல இந்த வருஷம் ஒன்பது கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேள். உங்க குரல் எனக்கு மனப்பாடம்."

கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். தாராவியில் பை தைக்கும் பட்டறைக்காரர். அதே சந்தில் எதிர்ப்பட்டறை மாசானத்துடையது. மாசானம் ஏ.சி. வாங்கிய அன்று அண்ணாச்சிக்கு ஜுரம். செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கிய அன்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவர் வயிற்றெரிச்சலைப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தால் ஆண்டாப் ஹில் வரைக்கும் இட்லி அவித்துப் போடலாம்!

"சொல்லுங்கோ."

"எல்லையில சண்டை நடந்துச்சில்லா... அந்த நாலு நாளு. ஊரே லைட்ட அணைச்சிட்டுக் கெடந்துச்சி. இவன் என்ன செஞ்சான் தெரியுமா? நம்ம பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற ஆர்டர ஓரமாத் தள்ளிட்டு, துபாய் பார்ட்டிக்கு ரெண்டாயிரம் முதுகுப்பை தச்சான். அது எங்க போச்சி? எதிரி பட்டாளத்துக்கு! அவனத் தூக்குல போடணும் மேடம்."

ஷ்யாமளா சிரிக்கவில்லை.

"அது நிஜம்தான். கஸ்டம்ஸ்ல நேத்தே சொன்னா."

அண்ணாச்சியின் முகத்தில் தீபாவளி.

அரை மணி நேரத்தில் மாசானத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே ஓடி வந்தார் அவருடைய வக்கீல் நம்பிராஜன்.

"மேடம், துபாய்க்குன்னுதான் சொன்னாவ. சத்தியமா அதுக்கு மேல தெரியாது. என் புள்ளைய பள்ளிக்கூடத்துல துரோகி மவன்னு சொல்லுவாவளே..."

"நடிக்கான்!" என்றார் அண்ணாச்சி.

ஷ்யாமளா வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"சார், சண்டை நேரத்துல ஒரு வியாபாரி எடுத்த முடிவு தேசத்துரோகம் ஆகுமா, ஆகாதா?"

நம்பிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், நம்ம சட்டத்துல துரோகி மூஞ்சின்னு ஒரு மூஞ்சி கெடையாது. நாட்டு மேல போர் தொடுக்கணும், இல்ல அதுக்குத் தெரிஞ்சே உடந்தையா இருக்கணும். கூடாரத்தத் தள்ளி வச்சது பேராசை. பேராசைக்குத் தூக்குன்னா பாம்பேல ஒரு கடை திறந்திருக்காது."

"பை எதிரி கைக்குப் போயிருக்கே?"

"பை எங்க போச்சுங்கிறது ரெண்டாவது கேள்வி. தைக்கிறப்ப அவன் மனசுல என்ன இருந்துச்சு? அதுதான் மொதக் கேள்வி. தெரியாம வித்தான்னா அபராதம், லைசன்ஸ் தகராறு, அவ்வளவுதான். தெரிஞ்சே வித்தான்னா... ஆயுள் முழுக்க உள்ள. தூக்குகூட வரலாம்."

மாசானம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவனுக்குத் தெரியும்!" அண்ணாச்சி மேஜையைத் தட்டினார்.

"எப்படிச் சொல்லுதிய?" வக்கீல் கேட்டார். "சரக்கு போற எடம் ரகசியம். அத ஏஜென்ட் பெரிய முதலாளிககிட்டதான் சொல்லுவான். அந்தச் சந்துல பெரிய முதலாளின்னா எங்க மாசானம்தான். அவருக்கே தெரியலேன்னா வேற எந்தப் பயலுக்குத் தெரியும்?"

அவ்வளவுதான்!

அண்ணாச்சியின் கண்கள் சிவந்தன. மீசை துடித்தது. காதிலிருந்து புகை வந்ததாக வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தப்ரேஸ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

"யாரு பெரிய முதலாளி? இவனா? ஏஜென்ட் மொதல்ல வந்தது எங்கிட்ட வே! நான் டீ வாங்கிக் குடுத்தேன். மால் எங்க போவுது, யாரு முதுகுல ஏறப்போவுதுன்னு ஒண்ணு விடாம எங்கிட்டதான் சொன்னான். இவன மயிரளவுக்கு மதிக்கல. எங்கிட்ட மிஷின் கம்மி, அதனால ஆர்டர் இவனுக்குப் போச்சி."

"நம்பற மாதிரி இல்லையே," என்றாள் ஷ்யாமளா.

"நம்பலையா? பெரிய ஆர்டர்னா சந்தே பங்கு போட்டுத் தைக்கும், அது தாராவி வழக்கம். ரெண்டாயிரம் பைக்கும் தோள்வார் தச்சது ஆரு? நான்! பட்டாளத்துக்காரன் சுமக்கணுமேன்னு ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தேன். இவன் போட்ட ஒத்தைத் தையலுக்கு அந்தப் பை அஞ்சு நாளு தாங்குமா?"



அண்ணாச்சி மெல்ல வாயை மூடினார்... ரொம்ப லேட்!

"வக்கீல் சார்," ஷ்யாமளா நிதானமாகக் கேட்டாள், "தெரிஞ்சே செஞ்சான்னா என்னன்னு சொன்னேள்?"

"போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது!" அலறினார் அண்ணாச்சி.

"செல்லாதுதான். ஆனா ஏஜென்ட்டை நேத்து பிடிச்சுட்டோம். சந்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் விஷயத்தைச் சொன்னேன், பேர் தெரியாது, பார்த்தா அடையாளம் காட்டுவேன்னான்."

பின்பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே பெஞ்சில் இருந்தவன் அண்ணாச்சியைப் பார்த்ததும் கை நீட்டினான்.

"யஹீ ஹை மேடம். டீக்கு இவர்தான் காசு குடுத்தார்."

மாசானம் எழுந்து நின்றார். தப்ரேஸ் விலங்கோடு வந்தான்.

அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"மேடம்... எஃப்.ஐ.ஆர்.ல மாசானம் பேரு எனக்கு மேலயா, கீழயா?"

"அவர் சாட்சி. சந்துலேர்ந்து குற்றவாளின்னு உங்க பேர் மட்டும்தான்."

"நான் மட்டுமா?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சியின் வயிறு குளிர்ந்தது.

"அப்போ அதுல ஒரு காப்பி எடுத்து அவன் பட்டறை வாசல்ல ஒட்டுங்க மேடம்... தெனம் பாத்து வயிறெரிஞ்சி சாவட்டும்!"