ஈறில் ஒரு நகத்தளவு

திரையில் ஜாந்திராவின் ஈறு இரண்டு விதமாகத் துடித்தது.

பிரசிகாபா பல் மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில், வெளிச்சம் புகாமல் ஜன்னலை அடைத்த ஆய்வறைக்குள், கூரையில் இரையும் மதிய மழையும் கிராம்புத் தைல நெடியும் குடித்து மீந்த காப்பியின் காறலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. நெற்றிக்குப் பட்டை, தாடைக்குத் தாங்கி, உதடுகளை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம். இப்படி உட்கார்ந்தால் பேராசிரியையான அவளுக்கும் மீன்கடைத் தட்டில் கிடப்பதற்கும் வித்தியாசமில்லை. லேசர் ஒளி ஈறில் பட்டுத் திரும்பும். குத்தாமல், தொடாமல், ரத்தத்தின் ஓட்டத்தைக் கேமரா படமாக்கும். ஓடினால் சிவப்பு. நின்றால் நீலம்.

மூன்று வாரத்துக்கு முன் அவளது கீழ் ஈறு தேய்ந்த இடத்தில் நகத்தளவு சதையை ஒட்டியவன் ஒஸ்மார். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவளைக் 'கொமாத்ரி' என்றே கூப்பிடுவான். சதையை அவளுடைய அண்ணத்திலிருந்தே எடுத்ததாகச் சொன்னான். அண்ணம் ஒருநாள்கூட வலிக்கவில்லை. "ஒஸ்மார் கை அப்படி!" என்று ஊரெல்லாம் பெருமையடித்தாள்.

மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினாள். ஈறு அவள் நாடியோடு துடித்தது. ஒட்டிய சதை மட்டும் தன் பாட்டுக்கு, மெதுவாக, முட்டிவலிக்காரி படியேறுவதுபோல.

"ஆ... ஆ..." என்று பக்கத்தில் நின்ற ஒஸ்மாருக்குத் திரையைக் காட்டினாள்.

"தெரியுது கொமாத்ரி. ஆடாத. மயிரிழை அசைஞ்சாலும் படம் கெட்டுடும்னு பிள்ளைங்கள நீதானே திட்டுவே?"

அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. நாக்கைத் தூக்கி அண்ணத்தைத் தடவினாள். வழவழப்பு. தழும்பில்லை. அங்கே கத்தியே படவில்லை.

"ஆ-ஓ-து?" யாரோடது என்பது வாயைவிட்டு இப்படித்தான் வந்தது.

"கோவிச்சுக்காத. எங்கம்மாவோடது." அவன் குரல் உடைந்தது. "பெட்டிய மூடறதுக்கு முன்னாடி எடுத்தேன். வேற யார் வாயில வைப்பேன்? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அந்தச் சவப்பெட்டிக்குள் பூ வைத்தவள் அவள். அவனைத் தோளில் சாய்த்து அழவிட்டவள் அவள். மறுநாளே அவன் முன்னால் நம்பி வாயைத் திறந்தவளும் அவள்தான்.

ஒஸ்மார் குனிந்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தான்.

"அம்மா... சாப்டியாம்மா?"

ஒட்டிய சதை பளீரென்று சிவந்தது.

அதைச் சுற்றி நீலம். ஒரு பல்லின் அடி. அடுத்த பல்லின் அடி.

பட்டையைப் பிய்த்தெறிய நினைத்தாள். கை எழவில்லை. விரலுக்கடியில் நாடி தட்டியது. தட்டியது. பிறகு தேடினாள்.

இல்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கொமாத்ரி," என்றான் அவன், வெகு அன்பாக. "அம்மாவுக்குப் பத்தல."

மழைச் சத்தம் நின்றது. அல்லது அவளுக்குக் கேட்கவில்லை. திரை முழுக்க நீலம். நடுவில் நகத்தளவு சிவப்பு, நிதானமாகத் துடித்தது. ஜாந்திரா அதை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.