நான்காவது கவளம்

மூன்று கவளம்தான் வழக்கம். ஜீலின் நான்காவதையும் எடுத்தான்.

குலமுன்னோர் கூடத்தில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இறந்தவரின் உடையை அணிந்து உறவினன் ஒருவன் அவர் இடத்தில் அமர்வதும், அவன் உண்பது இறந்தவரையே சேர்வதும் அந்தச் சிற்றரசில் ஆண்டுதோறும் நடப்பதுதான்.

"விரதம் இருந்து பய காஞ்சு போயிட்டான் போல," என்று பின்வரிசையில் ஒரு பங்காளி கிசுகிசுத்தான். சிரிப்பு எழுந்து அடங்கியது.

அரசன் ஷுதானுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீலின் அவனுடைய அண்ணன் மகன். அணிந்திருப்பது அண்ணனின் கறுப்புப் பட்டு. பகைவர் முற்றுகையிட்ட குளிர்காலத்தில், கோட்டைக்கு வெளியே சிக்கிக்கொண்ட அண்ணனுக்குக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொன்னவன் ஷுதான்தான். மதிலடியில் அண்ணன் சோறு கேட்டுக் கத்திய சத்தம் நாளடைவில் முனகலாகி, அந்த முனகலும் பனிக்காற்றோடு கலந்து நின்றுபோனபோது, ஷுதான் அரசனாகியிருந்தான்.

கொழுப்பும் மாசிபத்திரித் தழையும் கருகும் புகை கூடமெங்கும் தேங்கி, தூண்களின் நிழலையும் மாலை வெளிச்சத்தையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டிருக்க, அதன் நடுவே மெல்லும் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது. பன்றியிறைச்சி தீர்ந்தது. தினைச்சோறு தீர்ந்தது. பங்காளிகளின் சிரிப்பும் தீர்ந்திருந்தது.

"போதும். அவன எழுப்புங்க," என்றான் ஷுதான், சடங்கு நடத்தும் கிழவரிடம்.

"அவராத்தான் எந்திரிக்கணும் பிரபு. இப்ப அங்க உக்காந்திருக்கிறது உங்க அண்ணன்." கிழவர் ஓரடி பின்வாங்கினார். "திருப்தியான்னு நீங்கதான் கேக்கணும்."

ஷுதான் மண்டியிட்டான்.

"அண்ணா... வயிறு நெறஞ்சுதா?"

"இல்ல தம்பி."

குரல் வந்தது. மெல்லுவது நிற்கவில்லை.

பின்னால் யாரோ எழுந்து ஓடினார்கள். பிறகு எல்லாருமே ஓடினார்கள். கிழவரும்தான்.

"டேய் ஜீலின்! சித்தப்பா சொல்றேன், எந்திரிடா!"

கையைப் பற்றி இழுத்தான். குளிர்ந்திருந்தது. விறைத்திருந்தது. சிமிட்டாத கண்களின்மேல் சாம்பல் படிந்திருந்தது. மார்பில் காதை வைத்தான்.

ஒன்றுமில்லை.

உடல் அப்படியே சரிந்து அவன் மடியில் விழுந்தது. எப்போது இறந்தான்? எந்தக் கவளத்தில்?

தாடை மட்டும் அசைந்தது. வெறும் வாய். மெதுவாக.

ஷுதான் இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்தான். முழுப் பலத்தோடு பிடித்தான்.

கைகளுக்குள் அது மென்றுகொண்டே இருந்தது.