பதிவு செய்த சிரிப்பு

"ஏம்மா, அந்த வாசக்கதவை எத்தனை தடவைதான் துடைப்பே? வர்றது உங்கண்ணனா, இல்ல வீட்டை விலைக்குப் பார்க்க வர்றவனா?"

ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். அவள் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். அண்ணனுக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக வேண்டுமா, மட்டாகவா? கூடப் பிறந்தவனுக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்து போகிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. நினைக்கும்போதே கண் கரித்தது.

பன்னிரண்டு வருஷமாக அண்ணன் அவளோடு பேசவில்லை. அம்மா இறந்த அன்று ஆரம்பித்த கோபம். எல்லாம் முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "பெத்தவ செத்துக் கிடந்தா... நீ ஸ்டூடியோவுல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தியாமே! உன்னைக் கூட்டிட்டு வந்த டிரைவரே சொல்றான்!" என்று கேட்டவன், அதன் பிறகு அவள் முகத்தில் விழிக்கவில்லை. போன வாரம்தான் திடீரென்று ஒரு போன். "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அத்தைன்னு அவளுக்கு நீ ஒருத்திதானே..." அவ்வளவுதான் பேசினான். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அந்த வீட்டில் வேறொரு வழக்கம் உண்டு. ஊரே பார்த்துச் சிரிக்கும் 'வீடு நிறைய வாய்' என்ற நகைச்சுவைத் தொடரை எழுதித் தயாரிப்பவர் அவளுடைய கணவர். அன்று மாலை ஒளிபரப்பாகப் போகிற பகுதியை, சேனலுக்கு அனுப்புமுன் காலையில் வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்ப்பார். பார்ப்பார் என்பதுகூடத் தப்பு. மற்றவர்கள் டி.வி.யைப் பார்க்க, அவர் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சிரித்தால் சத்தம் வராது. வாயைப் பொத்திக்கொள்வாள், தோள்கள் மட்டும் குலுங்கும். குலுங்கினால் அந்தக் காட்சி நிற்கும், குலுங்காவிட்டால் கத்தரிக்குப் போய்விடும். கடைசியில், "தேறுமா?" என்று கேட்பார். "தேறும்" என்று இவள் சொன்ன பிறகுதான் ஸ்டூடியோவில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பார்கள்.

அந்தச் சிரிப்புச் சத்தம் பிரபலமானது. ஒரு விக்கலில் ஆரம்பித்து, மூச்சுக்கு ஏங்கி, பிறகு கடகடவென்று கொட்டுகிற ஒரு பெண்ணின் சிரிப்பு. தெருவில் பிள்ளைகள் அதை மாதிரி செய்து விளையாடும். அது முதல் வருஷம் அவளை வைத்துப் பதிவு செய்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாலையில் தொடர் ஓடும்போது அவள் மட்டும் ஹாலில் இருக்க மாட்டாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தொடரில் எல்லோருக்கும் செல்லமான 'அசட்டு அண்ணி'யும் இவள்தான். நடித்தது நாத்தனார், கணவரின் தங்கை. கையை இடுப்பில் துடைப்பது, பேச ஆரம்பிக்குமுன் "இல்லீங்க... வந்து..." என்று இழுப்பது, எல்லாம் இவளிடமிருந்து எடுத்தது. கடைக்காரர்கூட, "நீங்க அப்படியே அந்த அசட்டு அண்ணி மாதிரி இருக்கீங்களே!" என்பார். இவள் சிரித்து மழுப்பிவிடுவாள். வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான், நம்மைக் கொஞ்சம் விறகாக்கினால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தாள். அப்படி ஒரு பைத்தியக்காரி!

இன்று காலை கணவர் அவளைக் கூப்பிடவில்லை. "நீ உங்கண்ணன் வர்ற வேலையைப் பாரு. இந்த வாரம் நீ பார்க்க வேண்டாம்" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டார். பரவாயில்லையே, என் கஷ்டம் புரிகிறதே என்று அவளும் உருகிப் போனாள்.

பால் சூடேறிக்கொண்டிருந்தது. ஹாலில் டி.வி. ஓட ஆரம்பித்தது. திடீரென்று அந்தச் சிரிப்பு கேட்டது. அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. சிரிப்பை அதற்குள் சேர்த்தாகிவிட்டதா? இவளிடம் கேட்காமலே முடித்தாகிவிட்டது என்றல்லவா அர்த்தம்?

அடுத்தாற்போல் டி.வி.யில் நாத்தனாரின் குரல்.

"அம்மா... எந்திரிம்மா... நான் வந்துட்டேன்..."

மறுபடி சிரிப்பு.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஹாலுக்கு வந்து நின்றாள்.

திரையில் ஒரு சாவு வீடு. அசட்டு அண்ணி ஒரு காலில் தோல் செருப்பும் இன்னொரு காலில் நீல நிறக் குளியலறைச் செருப்புமாக, ஒரு காலிக் கட்டிலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய மீசை வைத்த அண்ணன் ஒருவன், "எல்லாம் முடிஞ்சு இப்பதான் வர்றியா?" என்று கத்தினான். "வழியெல்லாம் ஒரே சிரிப்பா இருந்துதுண்ணே!" என்றாள் அசட்டு அண்ணி. சிரிப்பு கொட்டியது. மாமியாரும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜோடி மாறிய அந்தச் செருப்பு... அந்தக் காலிக் கட்டில்... அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகு, அண்ணனைத் தாண்டி உள்ளே ஓடிக் கட்டிலைத் தொட்டு அவள் சொன்ன அந்த வார்த்தை... உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுது அழுது சொல்லியிருந்தாள்.

"ஏங்க... இது என்னங்க?"

கணவர் திடுக்கிட்டு எழுந்தார். "நீ எதுக்கு இங்க வந்தே? சும்மா... பொத்தாம்பொதுவா எழுதினது. கதையைக் கேட்டே சேனல்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க தெரியுமா?"

"அந்தச் செருப்பு பொத்தாம்பொதுவா?"

"என்ன செருப்பு அண்ணி?" என்றாள் நாத்தனார் புரியாமல்.

"உங்கண்ணனைக் கேளு! எங்கம்மா செத்த அன்னைக்கு நான் எந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடினேன்னு கேளு!"

நாத்தனார் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா... நீ கற்பனைன்னு சொன்னியே..."

"எழுதறவன் வேற எங்கதான் போவான்? வீட்டுலேர்ந்துதான் எடுப்பான்" என்றார் அவர் எரிச்சலோடு. "எத்தனை வருஷமாச்சு... எல்லாம் ஆறிப் போயிருக்கும்னு நெனைச்சேன்."

"யாருக்கு ஆறிப்போச்சு? உங்களுக்கா? என்னைக் கேலி பண்ணீங்க, பொறுத்துக்கிட்டேன். என் நடையைக் கேலி பண்ணீங்க, அதையும் சேர்ந்து ரசிச்சேன். எங்கம்மாவோட சாவுமாங்க? காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேய்ஞ்சா நான் எங்கங்க போவேன்?"

"பாப்பா."

எல்லோரும் திரும்பினார்கள். துடைத்துத் துடைத்து அவள் திறந்து வைத்திருந்த வாசற்கதவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. டி.வி.யில் கத்திக்கொண்டிருந்த மீசைக்கார அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதைக் காட்டத்தான் கதவைத் திறந்து வச்சிருந்தியா?"

"அண்ணே..." அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். 'நீ லேட்டா போனது என் தப்புன்னு நானே வந்து உங்கண்ணன்கிட்ட சொல்றேன்' என்று அப்போதே கையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். புருஷனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் பழியைச் சுமந்தவள் இவள். "இப்பவாவது சொல்லுங்க... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், சொல்லுங்க!"

பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிற மனுஷனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வந்ததும் வேறு மாதிரி வந்தது. "வாங்க மச்சான்! சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கும் இதுல ஒரு வேஷம் இருக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சட்டென்று திரும்பி ஒரு காலை வெளியே வைத்தான். அந்த நேரம் பார்த்து டி.வி.யில் அந்தச் சிரிப்பு மறுபடி எழுந்தது. விக்கல்... மூச்சு ஏங்கல்... கொட்டல்...

வைத்த கால் அப்படியே நின்றது. அண்ணன் உள்ளே வந்தான்.

"அதை இன்னொரு தரம் போடு."

நாத்தனார் ரிமோட்டை எடுத்துப் பின்னோக்கி ஓட்டிப் போட்டாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"யாரு இது?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறே? உன் தங்கச்சிதான்!" என்றார் மாமியார். "இவ சிரிப்பு தெரியாத வீடே கிடையாதே."

"என் தங்கச்சி சிரிச்சா சத்தம் வராதும்மா" என்றான் அண்ணன். "கூடவே வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில மாடிப்படியில விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா. அப்ப இப்படித்தான்... முதல்ல விக்கும். அப்புறம் மூச்சு நின்னுபோகும். அப்புறம் கொட்டும். அடங்க வைக்கறதுக்குள்ள எங்கம்மா பட்ட பாடு! இது சிரிப்பில்லம்மா. இவ அழற அழுகை!"

நாத்தனார் கையிலிருந்து ரிமோட் நழுவி விழுந்தது.

"பாப்பா... இதை என்னைக்கு எடுத்தாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கா?"

குனிந்த தலை அசைந்தது.

அன்றைக்குத்தான். முதல் பகுதிக்குச் சிரிப்பதற்கென்று ஆள் பிடித்து வந்திருந்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடைசியில் கணவர் அவளைக் கூட்டிப் போய் ஒரு சின்னக் கண்ணாடி அறையில் மைக்கின் முன் உட்கார வைத்திருந்தார். அப்போதுதான் அம்மா போய்விட்டாள் என்று அண்ணனின் போன் வந்தது. எழுந்து ஓடப் போனவளை அவர் மண்டியிட்டு மறித்தார். "ஒரு மணி நேரம்தான்... இன்னைக்கு சேனலுக்கு டேப் போய்ச் சேரலைன்னா குடும்பமே தெருவுல நிக்கும். சிரிச்சுக் குடுத்துட்டுப் போ..." அவள் உட்கார்ந்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டை விரலைத் தூக்கி, 'பிரமாதம்' என்று காட்டினார். கடைசியில் கிளம்பிய அவசரத்தில், காலில் என்ன மாட்டினாள் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டான்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தெரியும். அவளுக்குச் சிரிப்பு வரலை. வந்ததை எடுத்துக்கிட்டேன்... அதைவிட நல்ல சத்தம் அதுக்கப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை, மச்சான்."

"அட பாவி!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பொண்ணு பெத்தவளுக்கு அழுததைப் போட்டா ஊரையே சிரிக்க வச்சே? இதுக்கா நானும் வாரா வாரம் கூடச் சேர்ந்து சிரிச்சேன்? உன்னைப் பெத்த வயித்துல பிரண்டையை வச்சுத்தான் கட்டணும்!"

"அண்ணி, உங்க அழுகைக்கு நான் நடிச்சிருக்கேனே... எனக்குத் தெரியாதே அண்ணி..." நாத்தனார் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

அண்ணன் இரண்டே எட்டில் வந்து தங்கையை அணைத்துக்கொண்டான். "உன் மேல இருந்த கோபத்துல, தெருவுல இந்த நாடகச் சத்தம் கேட்டாலே ஜன்னலை அடைச்சேனே பாப்பா! ஒரு தடவை... ஒரே ஒரு தடவை காது குடுத்துக் கேட்டிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே!"

"நீ வந்துட்டேல்ல அண்ணே... அது போதும்..." அவள் அழுதாள். அதே விக்கல், அதே ஏங்கல். இந்த முறை அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

கணவர் எழுந்து டி.வி.யை அணைத்தார். "இதை நிறுத்திடறேன். பழைய பகுதி ஏதாவது போடச் சொல்றேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாங்க. இதையே அனுப்புங்க. எங்கம்மா கதைதானே, ஊர் பார்க்கட்டும். ஆனா என் குரலை எடுத்துட்டு அனுப்புங்க. இனிமே எந்தப் பகுதியிலும் அது வரக் கூடாது."

"சிரிப்பை எடுத்துட்டா இது காமெடியாவே இருக்காதே..."

"இது என்னைக்குங்க காமெடியா இருந்துது?"

அவள் உள்ளே போய் இரண்டு மாற்றுத் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் வந்துடுவேல்ல?" என்று மாமியார் கேட்டார்.

"உங்களைப் பார்க்க வருவேன் அத்தை."

வாசலில் கண்ணீர் மறைக்க, கிடைத்த செருப்பில் காலை நுழைத்தாள். அண்ணன் சட்டென்று குனிந்தான். குவியலில் தேடி, அவளுடைய ஜோடியை எடுத்து அவள் காலருகே வைத்தான்.

"அவசரமே இல்ல பாப்பா. பார்த்துப் போட்டுக்க."

அன்று மாலை அண்ணன் வீட்டில் முதல் முறையாக அந்தத் தொடர் ஓடியது. அவளும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தாள். அசட்டு அண்ணி ஜோடி மாறிய செருப்போடு நடந்து வந்தாள். செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. "அம்மா... எந்திரிம்மா... நான் வந்துட்டேன்..." கல்யாணப் பெண் திரும்பி, "அத்தை, இது காமெடி நாடகம்னு சொன்னாங்களே?" என்றாள். அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன் அடித்தது. அந்தப் பக்கம் கணவரின் குரல்.

"தேறுமா?"

"நாடகம் தேறுங்க."

"நான்?"

அவள் போனை மெதுவாக வைத்துவிட்டாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், காலையில் போடாமல் விட்ட டீயைப் போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகியது.

"என்ன பாப்பா, வீட்டுச் சர்க்கரை மொத்தத்தையும் இதிலேயே கொட்டிட்டியா? எனக்குச் சர்க்கரையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லி வருஷம் நாலாச்சு!"

சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடித்து வைத்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே இருந்தன. சத்தம் மட்டும் வரவே இல்லை.