சீயக்காய் தேய்த்துக் குளித்த வாத்து

சாராள் வாத்தைக் குளிப்பாட்டினாள். நல்ல எண்ணத்தில்தான் குளிப்பாட்டினாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அது எழுபத்து மூன்றாம் வருடம். சின்னமனூர்க் கடைவீதியில் சாராளின் அப்பா ஞானசிகாமணி எண்ணெய்க் கடை வைத்திருந்தார். ஊரைச் சுற்றி அறுவடை முடிந்திருந்தது. வயலில் சிந்திய நெல்லைத் தின்ன வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கின. ஒரு கூட்டத்தை மேய்த்தவர் வீரபாண்டி. அவருடைய மகள் பூமாரிக்கும் சாராளுக்கும் ஒரே வயது, பத்து. இரண்டே நாளில் இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் இருந்த வாத்து ஒன்றின் காலில் முள் குத்திவிட்டது. அதைப் பூமாரி சாராளிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கெழம காலைல கூட்டம் ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போகுது. அதுவரைக்கும் இது நடக்காம இருக்கணும். உங்க வீட்டுல வச்சுக்கிறியா?"

"வச்சுக்கிறேன்."

"பத்திரம். அன்னிக்கு இது நீந்தலேன்னா அப்பா சாப்பாட்டுக் கடைக்கு வித்துருவாக."

"குழம்பு வைக்கவா?" சாராள் வாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாராளுக்கு எண்ணெய்க் குளியல். மறுநாள் ஆலயத்துக்குப் பளிச்சென்று போக வேண்டுமே! அம்மா சீயக்காயைத் தேய் தேய் என்று தேய்த்துத் தலைமுடியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அலசிவிட்டுப் போனார். கிண்ணத்தில் கொஞ்சம் சீயக்காய் மிச்சம் இருந்தது. பக்கத்திலே பொட்டு வாத்து, உடம்பெல்லாம் சேற்றோடு நின்றது.

"வா பொட்டு, நீயும் குளி."

பொட்டு ஊரைக் கூட்டியது. சாராள் விடவில்லை. அதன் கண்ணில் சீயக்காய் படாமல், இறகு இறகாகத் தேய்த்து அலசினாள். வெள்ளை வெளேரென்று ஆனதும் பெருமையோடு தொட்டித் தண்ணீரில் விட்டாள்.

பொட்டு முங்கியது! முதலில் வால், அப்புறம் முதுகு. கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தவித்தது. சாராள் அலறிக்கொண்டு வெளியே தூக்கினாள். இறகெல்லாம் நனைந்த துணியாகத் தொங்கியது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

அதைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

"அப்பா, வாத்து முங்குது!"

"வாத்தாவது முங்குறதாவது! நீ என்னம்மா பண்ணுன?"

"சீயக்காய் தேச்சேன்..."

சொல்லும்போதே அவள் கண் எண்ணெய்க் கரண்டிமேல் விழுந்தது. வாரா வாரம் அதைக் கழுவுவது அவள்தான். வெறும் தண்ணீருக்கு அந்தப் பிசுக்கு அசையாது. சீயக்காய் போட்டால் போதும், ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போவதுபோல எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

"அப்படின்னா பொட்டு மேல எண்ணெய் இருந்துச்சாப்பா? யாரு தடவி விட்டது?"

ஞானசிகாமணி கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "போனா என்ன? ரெண்டு கரண்டி கடலை எண்ணெயத் தடவி விடு. நம்மகிட்ட எண்ணெய்க்கா பஞ்சம்?"

சாராள் கரண்டியோடு வீட்டுக்குப் போனாள். ஏற்கெனவே ஒரு தடவை அவசரப்பட்டாயிற்று. அதனால் முதலில் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு இறகில் தடவிப் பார்த்தாள். இறகின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடை பிடித்தன. ஊடே இடைவெளி விழுந்தது. தண்ணீரில் போட்டதும் அந்த இடைவெளி வழியாக நீர் புகுந்துகொண்டது.

"இது வேற எண்ணெய்" என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் ஆலயம் முடிந்ததும் வயலுக்குப் போய்ப் பூமாரியிடம் உண்மையைச் சொன்னாள். சொல்லாமல் இருக்கத்தான் ஆசை. ஆனால் பொட்டு யாருடையது?

"அடிப் பாவி! வாத்துக்கு யாராச்சும் சீயக்காய் தேய்ப்பாகளா?" பூமாரிக்கு அழுகையே வந்துவிட்டது. "வியாழக்கெழமைக்கு இன்னும் நாலே நாளு!"

இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். எதிரே இருநூறு வாத்துகள். ஒரு வாத்து தலையைத் திருப்பி, வாலின் அடியில் அலகை வைத்துத் தேய்த்தது. அதே அலகால் மார்பு, முதுகு, இறக்கை என்று தடவியது. மறுபடியும் வாலடிக்குப் போனது.

"அது என்ன பண்ணுது?"

"உண்ணி கடிக்கும். எப்பவும் அங்கனதான் சொறியும்" என்றாள் பூமாரி.

சாராளுக்குச் சந்தேகம். பையிலிருந்த காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தாள். அது எண்ணெய்க் கடைப் பிள்ளையின் வித்தை. தண்ணீர்க் கறை காய்ந்துவிடும். எண்ணெய்க் கறை காயாது, வெளிச்சத்தை உள்ளே விடும்.

பூமாரி வாத்தைப் பிடித்துக்கொண்டாள். வாலடி இறகை விலக்கினால், அங்கே பட்டாணி அளவில் ஒரு மேடு! சாராள் அதில் காகிதத்தை ஒற்றி வெயிலில் பிடித்தாள். நடுவில் ஒரு வட்டம் கண்ணாடியாக ஒளிர்ந்தது.

"எண்ணெய்!"

இருவரும் குனிந்து அந்த மேட்டை மறுபடியும் பார்த்தார்கள். செக்கு கிடையாது, கடலை கிடையாது. தின்னும் நெல்லும் நத்தையும் உள்ளே போய் எண்ணெயாக ஊறுகிறது. அந்தப் பட்டாணி மேட்டிலிருந்து ஒரு வாத்து முழுக்கப் பூச்சு! இழை ஒட்டாத அளவுக்கு மெல்லிய பூச்சு. ஆற்றுத் தண்ணீர் முழுவதும் வந்து முட்டினாலும் நுழைய வழி கிடைக்காது.

"தெனமும் தூக்குறேன். எனக்குத் தெரியலையே!" என்று பூமாரி வாத்தை மெதுவாக இறக்கிவிட்டாள்.

"வெளிய இருந்து தடவ முடியாது, பூமாரி. அதுவாத்தான் ஊறணும். நாம வயித்துக்கும் குளிருக்கும் பாத்துக்குவோம்."

வைக்கோல் கூடை, வெதுவெதுப்பான மூலை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, குடிக்கச் சட்டியில் தண்ணீர். திங்கட்கிழமை பொட்டு தின்றது, தூங்கியது. செவ்வாய்க்கிழமை சட்டித் தண்ணீரை முதுகில் தெளித்துக்கொண்டது. அப்புறம் தலையைத் திருப்பி வாலடிக்குப் போனது. அன்று முழுக்கக் கோதியது, மறுநாளும் கோதியது. சாராள் பக்கத்தில் உட்கார்ந்து, தானே பூசுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை. பொட்டின் கால் புண் ஆறியிருந்தது. முல்லையாற்றங்கரையில் கூட்டம் சளசளவென்று இறங்கியது. வீரபாண்டி கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். சாராள் பொட்டைத் தண்ணீரில் விட்டாள். கையை எடுக்கத்தான் பயம்.

எடுத்தாள்.

பொட்டு மிதந்தது! தலையை முக்கி எழுந்தது. முதுகில் விழுந்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்கரையை நோக்கி நீந்தியது. சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியர்த்த முகத்தையும் துடைத்தாள். விரலெல்லாம் வழவழவென்றது.

விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் கடைக்கு ஓடினாள்.

"நீந்துச்சா? எவ்வளவு எண்ணெய் தடவுன?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு சொட்டுகூட இல்லப்பா. அது வாலடியில சொந்தமா எண்ணெய்க் கடை வச்சிருக்கு. நம்மகிட்டயும் இருக்கு, பாருங்க!"

பொட்டலக் காகிதத்தைத் தன் மூக்கில் ஒற்றி வாசல் வெயிலில் பிடித்தாள். சின்னதாக ஒரு வட்டம் ஒளிர்ந்தது.

ஞானசிகாமணி சிரித்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இன்னொரு காகிதத்தை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றினார்.

எண்ணெய் வாங்க வந்தவர்கள் போத்தலும் கையுமாகக் காத்து நிற்க, எண்ணெய்க் கடைக்காரர் காகிதத்தை வெயிலில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்.