காவல் நிற்கும் ஓரா

கடலில் இறங்குமுன் கணவனும் மனைவியும் ஒருவர் கழுத்தில் ஒருவர் துடிப்புப் பட்டையைக் கட்டிவிட வேண்டும். மேய்ச்சல் நிலையத்தில் அதுதான் வழக்கம். ரெமிஜியுஸ் கொக்கியை மாட்டியதுமே சலேத்தின் தொண்டைக்குழியில் அவனுடைய இதயம் தட்டத் தொடங்கியது. திருமணமாகி மூன்று மாதம் ஆகியும் அவளுக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது.

“இன்னிக்காவது ஒழுங்கா மேய்ஞ்சிட்டு வாங்க ரெண்டு பேரும்,” என்றார் மேற்பார்வையாளர் பியூலா. “சுரண்டி இன்னிக்கும் நின்னுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. ரெமியை மண்டபம் ஊரு நிலையத்துக்கு மாத்திருவாங்க. உனக்கு வேற துணை.”

“மண்டபத்துக்கா? அப்ப எப்பக்கா வீட்டுக்கு வருவாரு?”

“சீசன் முடிஞ்சப்புறம்.”

வெப்ப ஆண்டுகளில் ஓரா போன்ற பாசி தின்னும் மீன்கள் வளைகுடாவிலிருந்து அற்றுப்போயின. மேய ஆளில்லாமல் தழைத்த பாசி, பவளக் குருத்துகளை மூச்சுமுட்ட வைத்தது. இயந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். அவை பாசியோடு பவளத்தையும் வழித்தெடுத்தன. கடைசியில் ஓரா மீனின் வேலையை மனிதர்களே செய்யப் புறப்பட்டார்கள்.

ஓராக்கள் ஜோடியாகத் திரிந்தவை. ஒன்று பாறை இடுக்கில் தலையை நுழைத்து மேய, மற்றது காவல் நிற்கும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளும். மனிதர்களும் அப்படியே. இடுக்குக்குள் தலையைக் கொடுத்தவருக்கு வெளியே எதுவும் தெரியாது, காவல் நிற்பவரின் துடிப்பைத் தவிர. பட்டால் நெருப்பாய் எரிக்கும் சொறி மீன் கூட்டம் வந்தால் காவல் நிற்பவரின் இதயம் படபடக்கும். அந்தக் கணமே, மேய்பவர் பாசியை வழிக்கும் கைச்சுரண்டி தானாக நின்றுவிடும்.

சலேத் காவல் நின்றால் ரெமி நிம்மதியாக மேய்ந்தான். அவன் காவல் நிற்கும்போதுதான் குழப்பம். அவள் தலையை நுழைத்த சற்று நேரத்தில் தொண்டைக்குழி படபடக்கும், சுரண்டி நிற்கும். பதறி வெளியே வந்தால் தண்ணீர் தெளிந்து கிடக்கும். அவன் மட்டும் திருதிருவென்று விழிப்பான்.

இன்றும் அதேதான் நடந்தது.

“என்னத்தப் பாத்தீங்க?” மூச்சுக்கவசத்தில் இருந்த பேசியில் கேட்டாள்.

“ஒண்ணும் இல்லியே.”

“ஒண்ணும் இல்லாமலா இந்த அடி அடிக்குது? நெஞ்சுல ஏதும் கோளாறா? மறைக்காம சொல்லுங்க.”

“சத்தியமா எனக்கே தெரியல சலேத்து.”

அவளுக்கு அழுகை வந்தது. இவர் கடலுக்குப் பயப்படுகிறாரா? இல்லை, என்னைப் பிடிக்கவில்லையா?

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு மீன்கள் வந்தன. பழுப்பு உடலில் வெளிர்ப் புள்ளிகள், முயலைப் போல் சின்ன வாய். படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஓரா! இருவரும் அசையாமல் நின்றார்கள். ஒன்று இடுக்கில் தலையை விட்டுக் கொறித்தது. மற்றது சற்று மேலே எழும்பி நின்றது. துணையின் பக்கம் அது திரும்பவே இல்லை. வெட்டவெளிக் கடலைப் பார்த்தபடியே இருந்தது.

“நான் மேயும்போது நீங்க எங்கங்க பாப்பீங்க?” என்றாள் சலேத்.

அவன் வாய் திறக்குமுன் அவள் தொண்டைக்குழி படபடத்தது.

“உன்னையத்தான். உன்னைக் காக்கச் சொன்னா உன்னையத்தானே பாக்கணும்?”

“அட என் ராசா! நான் கடலைத்தான் பாப்பேன்.”

“அதான் உன் துடிப்பு ஆடாம அசையாம கெடக்குதா? நம்மளப் பாத்தா இவளுக்கு ஒண்ணுமே ஆகலபோலன்னு நான் வெந்துக்கிட்டு இருந்தேன்.”

“திரும்பி நில்லுங்க.”

“மூணு மாசத்துலயே முதுகைக் காட்டச் சொல்றியா?”

“மண்டபத்துக்குப் போறீங்களா?”

அவன் திரும்பிக்கொண்டான்.

துடிப்பு மெல்ல அடங்கியது. சுரண்டி நிற்காமல் ஓடியது. பாசிக்கு அடியிலிருந்து இளஞ்சிவப்பாய்ப் பவளக் குருத்து எட்டிப் பார்த்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தச் சீரான துடிப்பு யாரோ அந்நியருடையது போலிருந்தது. ஒரே ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சுரண்டியை அடுத்த இடுக்குக்கு நகர்த்தினாள்.

மேலே வந்ததும் பியூலா நாளைய ஜோடிப் பட்டியலில் இருவர் பெயரையும் ஒன்றாகவே அனுப்பிவைத்தார். மிதவையின் ஓரத்தில் ரெமி கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“இப்பவாவது திரும்பலாமா?”

சலேத்தின் கை தன் கழுத்துப் பட்டையின் கொக்கிக்குப் போனது.

“திரும்புங்க.”

தொண்டைக்குழி படபடத்தது. நாளை கடலடியில் இதே படபடப்பு வந்தால், சொறி மீன் என்று பதறுவதா, இவர் என்று சிரிப்பதா? அவளுக்குத் தெரியவில்லை. கொக்கியைக் கழற்றாமல் கையை எடுத்துக்கொண்டாள்.